ஞானராஜ் மாமா ஃபோல்டர்

சென்ற வருஷம் ஆகஸ்டு மாதம் இரண்டாவது புதன்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு, திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு தம்பதிகளுக்குத் தங்கள் கல்யாணம் மறந்துபோனது. அன்று தக்காளி வரத்து அதிகம். விலை இறங்கியிருந்ததால் ஊர்ப் பேச்சு பெரும்பாலும் அதைப் பற்றியே இருந்தது. கல்யாணம் மறந்த விஷயம் சாயங்காலத்துக்கு மேல்தான் மெல்ல வெளியே வந்தது, அதுவும் வேறு ஏதோ பேச்சின் நடுவே, சிலிண்டர் தீர்ந்துபோனதைச் சொல்வதுபோல. அந்தக் கல்யாணங்களுக்குப் போயிருந்த உறவினர்களுக்கும் மறந்திருந்தது. மற்றதெல்லாம் ஞாபகம் இருந்தது. கணவன் பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் படிக்கும் வகுப்பு, வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்பது, எதிலும் குறைவில்லை. கல்யாணம் நடந்த அந்த ஒரு நாள் மட்டும், பல் பிடுங்கிய இடம்போல வழுவழுவென்று கிடந்தது. நாக்கை விட்டுத் துழாவிப் பார்த்தவர்களுக்கு வலி எதுவும் தெரியவில்லை.

காரணம் ஒரு பல்லி. பழனி ரோட்டில் சங்கிலி டிஜிட்டல்ஸ் என்று ஒரு கல்யாண ஸ்டூடியோ இருக்கிறது. அங்கே இன்வெர்ட்டர் சூட்டுக்கு ஒதுங்கிய பல்லி ஒன்று ஸ்டோரேஜ் பெட்டியின் பின்பக்கத் துளை வழியாக உள்ளே போய், இரண்டு கம்பிகளுக்கு நடுவே காலை நீட்டிப் படுத்தது. உள்ளே இருந்த ஹார்டு டிஸ்க்குகள் நான்கும் ஒரே நேரத்தில் எரிந்தன. 2012 முதல் ஸ்டூடியோ எடுத்த கல்யாணங்கள் அத்தனையும் அவற்றில்தான் இருந்தன. உரிமையாளர் சங்கிலிக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் முதலில் பஞ்சாங்கத்தை எடுத்துப் பல்லி விழும் பலன் பார்த்தார். தலையில், தோளில், பாதத்தில் என்று வரிசையாகப் போட்டிருந்தார்களே தவிர, ஹார்டு டிஸ்க்கில் விழுந்தால் என்ன பலன் என்று போடவில்லை. அதே நேரத்தில் வீடுகளில் பீரோவுக்குள் இருந்த ஆல்பங்களின் பக்கங்கள் எல்லாம் வெள்ளையாகியிருந்தன. உறவினர்கள் கைபேசியில் எடுத்த படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவற்றில் மாப்பிள்ளை முதல் பந்தி பரிமாறுகிறவர் வரை எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு சங்கிலியின் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அழுதவர்கள் என்று யாரும் இல்லை. ஒரே நிறுத்தத்தில் இறங்கிவிட்ட இரண்டு பயணிகள்போலத் தம்பதிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போகப் போக மரியாதை வந்தது. பத்து வருஷமாக ‘ஏய்’ என்று கூப்பிட்டவர் ‘செத்த நேரம் அந்த ஃபேனை நிறுத்தட்டுமா’ என்று அனுமதி கேட்டார். சண்டைகள் நின்றன. திண்டுக்கல் வட்டாரத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டையை எங்கே பிடித்து இழுத்தாலும் அதன் முனை கல்யாணத்தன்று யாரைப் பந்தியில் எழுப்பினார்கள், யாரைப் போட்டோவுக்குக் கூப்பிடவில்லை என்பதில்தான் முடிச்சுப் போட்டிருக்கும். முடிச்சே இல்லை என்றான பிறகு இழுப்பதற்கு ஒன்றுமில்லை. வக்கீல்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள். போன இடத்தில் அவர்களுக்கும் மறந்திருந்தது.

பிராங்க்ளினுக்கும் மறந்திருந்தது. முப்பத்தைந்து வயது, பேகம்பூரில் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். அவன் மனைவி ஐரின் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். இருவரும் மாதா கோயிலுக்குப் போய்த் திருமணப் பதிவேட்டைப் பார்த்தார்கள். 2017 மே 17 என்று தேதி இருந்தது. கீழே இரண்டு கையெழுத்து. “கையெழுத்து என்னுதுதான்” என்றாள் ஐரின், செக்கைத் திருப்பிக் காட்டும் பேங்க்காரரிடம் சொல்வதுபோல. வீட்டுக்கு வந்து அவள் பரிமாறினாள். வெஞ்சனம் இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று கேட்டாள். அவன் போதும், நன்றி என்றான். வீட்டில் அந்த வார்த்தை அதற்கு முன் உச்சரிக்கப்பட்டதில்லை. அது சுவரில் பட்டுத் திரும்பி வந்து தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. இருவரும் அதற்கு இடம் விட்டுச் சாப்பிட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் ஐரினுக்கு ஊட்டியில் ஒரு விடுதிப் பள்ளியிலிருந்து வேலை உத்தரவு வந்தது. தங்குவதற்கு அறையும் உண்டு. செப்டம்பர் நான்காம் தேதி, திங்கட்கிழமை சேர வேண்டும். மூன்று மாதத்துக்கு முன் ஏதோ ஒரு சண்டையில், கோபத்தில் விண்ணப்பித்தது அது. சண்டை ஞாபகம் இருந்தது. அதை மீறி ஏன் அங்கேயே இருந்தோம் என்பதுதான் ஞாபகம் இல்லை. அவள் டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்துச் சேலைகளை அடுக்க ஆரம்பித்தாள். கோபமாக அடுக்கவில்லை. கணக்கு வாத்தியார் அடுக்குவதுபோல ஓரம் பார்த்து அடுக்கினாள்.

“இங்கதான் இருக்கணும்ங்கறதுக்கு எனக்கு ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கு,” என்றாள். “என்னன்னு தெரியல. ஒங்களுக்குத் தெரியுமா?”

“அந்த நாள்ல இருந்திருக்கும்னு நெனைக்கிறேன்.”

“அப்ப அது வந்தா இருக்கேன். வரலேன்னா போறேன். ஒண்ணும் தப்பில்லையே?”

தப்பில்லை என்றான் பிராங்க்ளின். தப்பில்லை என்றுதான் அவனுக்கும் தோன்றியது. ஆனாலும் மறுநாள் காலை எட்டரைக்கு சங்கிலி டிஜிட்டல்ஸ் ஷட்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

ஸ்டூடியோவின் படங்களுக்கு கிளவுடில் பேக்கப் இருந்தது. சங்கிலியின் மகள் இளவேனில் பெங்களூரில் ஒரு கம்பெனியில் இதே மாதிரி வேலையில் இருக்கிறாள். ஊரடங்குக் காலத்தில் வீட்டில் சும்மா இருக்க முடியாமல், பழையது அத்தனையையும் ஏற்றிவிட்டுப் போயிருந்தாள். அதன் பிறகு புதியவை தினமும் தானாக ஏறின. கிளவுட் என்றால் மும்பைப் பக்கம் ஒரு பெரிய கட்டடம் என்று சங்கிலிக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது, அங்கே இருப்பதை இங்கே கொண்டுவருவது எப்படி என்பதுதான். அதற்கென்று ஒரு டூல் உண்டு என்றும், அதை நிறுவி, சாவி கொடுத்து, எங்கிருந்து எங்கே என்று எழுதிவிட்டால் அது பாட்டுக்கு இறக்கும் என்றும் இளவேனில் போனில் சொன்னாள். பிராங்க்ளின் நிறுவினான். பட்டன் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. “ஒரு பூப்படம்கூட இல்லையே அப்பு, மங்களமா இருக்க வேணாமா” என்றார் சங்கிலி. பழைய படங்கள் உறைநிலைக் கிடங்கில் இருப்பதால், கேட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் கைக்கு வரும் என்றதும் அவருக்குச் சட்டென்று புரிந்தது. ஃப்ரீசரில் இருக்கும் கறியை உடனே வெட்ட முடியாது. ஒரு வாரம் கழித்து வந்து சேர்ந்த புதிய ஸ்டோரேஜ் பெட்டிக்குக் குங்குமம் வைத்து, பல்லி அண்டாமல் இருக்க நான்கு மூலையிலும் முட்டை ஓடு வைத்து, மேலே ஒரு மயிலிறகையும் செருகினார். அதன் பிறகு அந்தப் பெட்டி வேலை செய்யவில்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

இந்த ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் உண்டு. ஃபோல்டருக்கு மாப்பிள்ளை, பெண் பெயர் வைப்பதில்லை. பெண்ணின் தாய்மாமன் பெயர்தான். மாப்பிள்ளையும் பெண்ணும் தாலி ஏறியதும் ஸ்டூடியோவை மறந்துவிடுவார்கள். ஆல்பத்துக்கு நடையாய் நடப்பவரும், நான் நிற்கிற படம் எங்கே என்று கேட்பவரும் தாய்மாமன்தான். எனவே எரியோடு பெருமாள் மாமா, அகரம் அந்தோணி மாமா, சேவுகம்பட்டி ஞானராஜ் மாமா என்று வரிசையாக ஃபோல்டர்கள். பழைய பெட்டியில் இவை வருஷ வாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. புதிய பெட்டியில் வருஷமே வேண்டாம் என்றார் சங்கிலி. “எந்த மாமன் வருஷத்தைச் சொல்லிக் கேக்குறான்? பேரைத்தான சொல்லுவான். எல்லாத்தையும் ஒரே இடத்துல கொட்டிவிடு அப்பு.” பிராங்க்ளின் அப்படியே எழுதினான். ஒரே பெயரில் இரண்டு படம் வந்தால் புதியதை வைத்துக்கொள், பழையதை விட்டுவிடு என்றும் எழுதினான். ஒரே படம் இரண்டு தடவை ஏறி இடத்தை அடைக்கக் கூடாது என்ற நல்லெண்ணம். வேலை முடிந்த கையோடு புதிய பெட்டியில் இருப்பது இருப்பதுபோலவே கிளவுடுக்குத் திரும்ப ஏறவும், அங்கே இருக்கும் பழையது அழியவும் கடைசியில் ஒரு வரி சேர்த்தான். அதைச் சொன்னது இளவேனில். “ஒரு நாள்கூட பேக்கப் இல்லாம இருக்கக் கூடாதுண்ணே.”

சோதனைக்கு முதலில் எரியோடு பெருமாள் மாமா ஃபோல்டரை மட்டும் இறக்கினார்கள். காலை பத்து இருபதுக்கு அது முடிந்தது. அதே பத்து இருபதுக்கு, வேடசந்தூர் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த, அந்த மாமாவின் அக்கா மகளைக் கட்டிய கண்டக்டர் ஆனந்த்ராஜ் கழுத்தில் சம்பங்கியும் ரோஜாவும் கட்டிய ஆளுயர மாலை விழுந்தது. தலைமுடிக்குள்ளிருந்து மஞ்சள் அரிசி உதிர்ந்து பணப்பையில் கொட்டியது. அவர் மீதி நான்கு பேருக்கும் டிக்கெட் கொடுத்து, விசில் ஊதி, பிறகுதான் மனைவிக்குப் போன் போட்டார். அவளும் ரேஷன் வரிசையில் மாலையோடுதான் நின்றிருந்தாள்.

“ஏ புள்ள, பந்தியில உங்க சித்தப்பன் என்னைய எந்திரிக்கச் சொன்னாருல்ல?”

“ஆமா, அதுக்கு இப்ப என்ன?”

“இப்பத்தான ஞாபகம் வருது.”

எட்டு கிலோமீட்டர் தூரம் அந்தச் சண்டை நடந்தது. கேட்டுக்கொண்டு வந்தவர்கள் கண்டக்டரின் முகத்தில் ஒரு களை வந்திருந்ததாகச் சொன்னார்கள். டூல் வேலை செய்கிறது என்று சங்கிலிக்கு இப்படித்தான் தெரிந்தது.

மீதியை இறக்கப் பதினோரு நாள் பிடித்தது. சத்தம் போடுவதில் புதுத் தம்பதிகளின் பெற்றோர் கெட்டிக்காரர்கள் என்பதால் புதிய வருஷங்களை முதலில் போட்டான். தன் கல்யாணம் இருந்த 2017ஐ எல்லாவற்றுக்கும் கடைசியில் தள்ளினான். சர்வீஸ்காரன் தன் வீட்டுக்கு முதலில் பார்த்துக்கொண்டான் என்று பேச்சு வரக்கூடாது. ஊரில் மாலைகள் விழ ஆரம்பித்தன. ஏ.டி.எம். வரிசையில், பல் டாக்டர் நாற்காலியில், பைக்கில் போகும்போது. ஒருவர் மாலையோடு போனால், ‘உங்களுக்கு வந்திருச்சா’ என்று கேட்டுவிட்டு அடுத்தவர் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். ஒரு வாரத்துக்குப் பூ வாடவில்லை. பூக்கடைக்காரர்கள் மட்டும் இது சரியில்லை என்றார்கள். ஒரு சிலருக்கு மாலை வராமல் வேறு எதாவது வந்தது. மேட்டுப்பட்டியில் ஒரு தலைமை ஆசிரியருக்குக் காலைப் பிரார்த்தனையில் நிற்கும்போது வாயில் ஒரு பீடா வந்தது. ஜெய்தூன் பீவி என்ற தையல்காரருக்குப் பிரியாணி வாசனையுள்ள ஒரு கைக்குட்டை. நாகல் நகரில் ஒருவருக்கு மண்டபத்து மாடிச் சாவி. அவர்கள் புகார் சொல்லவில்லை. என்ன வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தால்தானே புகார் சொல்வதற்கு.

ஐரினின் தங்கை டெய்சிக்கும் அவள் கணவன் ரொனால்டுக்கும் இரண்டாம் நாளே வந்துவிட்டது. அவர்களுடையது 2021. டெய்சி போனில் விசாரித்தாள், அக்கா, உனக்கு வந்துச்சா என்று. இல்லடி என்றாள் ஐரின், தபாலைப் பற்றிக் கேட்டதுபோல. சேவுகம்பட்டியிலிருந்து ஞானராஜ் மாமாவே கொய்யாப்பழப் பையோடு வந்து பிராங்க்ளினுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். இரண்டு அக்கா மகள்களுக்கும் முன்னே நின்று கல்யாணம் நடத்திவைத்த மனிதர். சின்னவள் கல்யாணம் அவருக்குத் திரும்பியிருந்தது.

“சிங்கம் மாதிரி நின்னுருக்கேன் மாப்ள. பெரியவ கல்யாணத்துலயும் அப்படித்தான் நின்னிருப்பேன். சீக்கிரம் இறக்கு, பாத்துருவோம்.”

“நீங்க நின்னது ஃபோல்டருக்கே தெரியும் மாமா. ஒங்க பேருதான் வச்சிருக்கு.”

“பின்னே?” என்று மாமா ஒரு கொய்யாவைக் கடித்தார்.

சனிக்கிழமை காலை 2017 ஓடத் தொடங்கியது. அடுத்த நாள் ஞாயிறு மத்தியானம் ஐரின் ஊட்டி பஸ் ஏற வேண்டும். பதினொன்றரைக்குத் திரையில் ஞானராஜ் மாமா பெயர் வந்தது. பிராங்க்ளின் சட்டைக் காலரைத் தளர்த்தி விட்டுக்கொண்டான். வரிகள் கடகடவென்று ஓடின. முதல் படம், விடப்பட்டது. இரண்டாம் படம், விடப்பட்டது. மூன்று, விடப்பட்டது. நூறு, இருநூறு, ஐந்நூறு, எல்லாம் விடப்பட்டது. ஒரே மாமனுக்கு ஒரே பெயரில் ஒரே ஃபோல்டர். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் சங்கிலியின் கேமரா ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும், அந்த எண்தான் படத்தின் பெயர். டெய்சியின் படங்கள் ஒன்று முதல் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வரை ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தன. புதியதை வைத்துக்கொள், பழையதை விட்டுவிடு என்று எழுதியிருந்தது. டூல் எழுதிய பேச்சைத் தட்டவில்லை. டெய்சி கல்யாணத்தில் எடுத்ததைவிட ஐரின் கல்யாணத்தில் பதினான்கு படம் அதிகம் எடுத்திருந்தார்கள். அந்தப் பதினான்கு மட்டும் இறங்கியது. பிராங்க்ளினின் கழுத்தில் மாலை விழவில்லை. வலது கையில் கனம் தெரிந்தது. குனிந்து பார்த்தான். பொன்னிறத்தில், குதிகால் உயர்ந்த ஒரு ஜோடிப் பெண் செருப்பு, அவன் விரல்களில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

மாமா செருப்பையும் அவனையும் பார்த்தார். “இதுல நான் எங்க நிக்கிறேன்?” என்று கேட்டார். பிராங்க்ளின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்த்துக்கொண்டிருந்த நாற்பது நிமிஷத்தில் 2017இன் மிச்சமும் இறங்கி முடிந்தது, கடைசி வரி தானாக ஓடியது, புதிய பெட்டியில் இருப்பது இருப்பதுபோலவே மும்பைக்கு ஏறியது, அங்கே வருஷ வாரியாக இருந்த பழையது ஒழுங்காக அழிந்தது. இளவேனிலைக் கூப்பிட்டுக் கேட்டபோது, பழைய பிரதிகளையும் சேர்த்து வைக்கிற வசதி உண்டு, அப்பாதான் எதற்கு ரெண்டு என்று வேண்டாமென்றுவிட்டார் என்றாள். பிறகு, “எத்தனை மாமாண்ணே?” என்று கேட்டாள். அவன் எண்ணிப் பார்த்தான். இரண்டு அக்கா மகள்களுக்கு முன்னே நின்ற மாமன்மார் முப்பத்தெட்டுப் பேர். பீடா, கைக்குட்டை, சாவி எல்லாம் கணக்குக்குச் சரியாக வந்தது. சங்கிலி பெட்டியின் மேலிருந்த மயிலிறகை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பவும் செருகி வைத்தார்.

பிராங்க்ளின் செருப்பைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்கு நடந்தான். பையில் போட்டிருக்கலாம், தோன்றவில்லை. வாசலில் ஐரின் நின்றிருந்தாள். அவள் கழுத்திலும் மாலை இல்லை. வெறுங்காலோடு, வலது குதிகாலைத் தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே புதிதாக ஒரு கொப்புளம் இருந்தது. இருவருக்கும் அதே பதினான்கு படத்தின் அளவுதான் திரும்பியிருந்தது. மத்தியானம் மூன்று நாற்பது. பந்தி முடிந்துவிட்டது. மண்டபத்து ஆட்கள் நாற்காலிகளை அடுக்குகிறார்கள். யாரோ ஒரு குழந்தை மேடைப் பூவைப் பிய்க்கிறது. ஞானராஜ் மாமா ஓர் ஓரத்தில் வாயைத் திறந்தபடி தூங்குகிறார். கார்டில் இன்னும் இடம் இருக்கிறது, சும்மா நில்லுங்கள் என்று சங்கிலி சொல்கிறார். காலியான சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் அவள் நிற்க முடியாமல் உட்கார்ந்து, செருப்பு கடிக்குது என்கிறாள். அவன் வாங்கி வைத்துக்கொள்கிறான். பதினான்கு படத்திலும் அவன் கையில் அந்தச் செருப்பு இருக்கிறது. வேறு எதுவும் நடக்கவில்லை.

“இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?” என்று கேட்டாள் ஐரின்.

“தெரியல.”

“ஒங்க வீட்டு ஆளுக என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?”

“தெரியல. ஒங்க வீட்டுல?”

அவள் யோசித்தாள். “மாமா தூங்குறாரு” என்றாள். பிறகு செருப்பை வாங்கிக் காலில் போட்டு, அறைக்குள் நான்கு எட்டு நடந்து பார்த்துத் திரும்பி வந்தாள். இப்பவும் கடிக்குது என்றாள். கழட்டு, நான் வச்சிருக்கேன் என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து வந்து ஐரின் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். செருப்புக்கு இடம் இல்லை. ஓரத்தில் இருந்த ஒரு சேலையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். குதிகால் உயரமாக இருந்ததால் மூடி படியவில்லை. இன்னொரு சேலையை எடுத்தாள். கணக்குப் புத்தகங்களை எடுத்தாள். செருப்பு நசுங்கக் கூடாது என்று சுற்றிலும் இருந்ததை எடுத்தாள். பிராங்க்ளின் கதவுப்பக்கம் நின்று, எடுத்துக் கொடுத்ததை வாங்கி வாங்கிப் பீரோவில் வைத்தான். ஊட்டி பஸ் புறப்படும் நேரத்தில் பெட்டிக்குள் செருப்பு மட்டும் இருந்தது. மூடி படிந்தது. அவள் பூட்டி, சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு உலை வைக்கப் போனாள். விடுதிப் பள்ளிக்கு அடுத்த நாள் போனில் சொன்னாள். காரணம் கேட்டார்கள். இடம் போதவில்லை என்றாள்.

பெட்டி இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. செருப்பு பழையதாவதில்லை. குதிகால் கொப்புளமும் ஆறவில்லை. வலியும் இல்லை, மே மாதத்தில் மட்டும் லேசாக எரியும் என்கிறாள். மே 17ஆம் தேதி இருவரும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மூன்று நாற்பது வரை காத்திருந்து, அதன் பிறகுதான் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொள்கிறார்கள். தலைமை ஆசிரியர் வீட்டில் அந்த நாளன்று ஆளுக்கொரு பீடா. சங்கிலி டிஜிட்டல்ஸில் இப்போது ஆர்டர் எடுக்கும்போது தாய்மாமன் பெயரோடு அவருக்கு எத்தனை அக்கா தங்கை மகள்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். ஞானராஜ் மாமா மட்டும் ஐரினின் கல்யாண ஆல்பத்தில் படம் திரும்பி வந்த கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தூங்கும்போதும் சிங்கம் மாதிரிதான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இல்லை என்று யாரும் சொல்லவில்லை.